ஆறு மாதம் ஓடிய செயலி புதிய கணினியில் ஏன் நிறுவ மறுக்கிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு சிலருக்கும் உதவும். ஒரு சிக்கனக் கடன் சங்கத்தின் உறுப்பினர் கணக்குகளுக்காக நண்பர்கள் இருவர் சேர்ந்து ஒரு வலைச் செயலி எழுதியிருக்கிறீர்கள். பயனர் காணும் முன்பக்கம் ரியாக்ட், பின்பக்கம் நோட் (ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் மென்பொருள்) மேல் நிற்கும் எக்ஸ்பிரஸ். ஆறு மாதமாகச் சர்வரில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. மடிக்கணினி பழுதானதால் புதியது வாங்கி, நிரலைச் சேமித்துவைக்கும் கிட்டிலிருந்து அதை இறக்கி, லைப்ரரிகளை (பிறர் எழுதிய ஆயத்த நிரல்களை) நிறுவும் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ கட்டளையைக் கொடுத்தால், பதிப்புகள் பொருந்தவில்லை என்ற ‘இ-ரிசால்வ்’ பிழை வருகிறது. ‘ஃபோர்ஸ்’ சேர்த்துக் கொடுத்தபோது நிறுவல் முடிந்தது, ஆனால் தேதி தேர்வுப் பெட்டி திறக்கும் பக்கமெல்லாம் வெறுமையாகிவிடுகிறது. கூடவே 38 பாதுகாப்புக் குறைகள் என்று ஓர் எச்சரிக்கை. ‘எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் சரிசெய்துவிடலாமா? இவ்வளவு லைப்ரரிகள் தேவைதானா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே கட்டளையில் சரிசெய்யாதீர்கள். சர்வரில் ஓடிக்கொண்டிருப்பதையும் தயவுசெய்து தொடாதீர்கள். உங்களை மீட்கப்போவது அதுதான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் ஆறு மாதம் ஓட்டியது ஒரு செயலி. இப்போது நிறுவ முயல்வது வேறொரு செயலி. உங்கள் கையால் எழுதிய வரிகள் மாறவில்லை என்பது உண்மை. ஆனால் அவற்றுக்கு அடியில் இருக்கும் லைப்ரரிகள் மாறிவிட்டன. செயலிக்குத் தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும், நீங்கள் அனுப்பிய பேக்கேஜ் டாட் ஜேசன் கோப்பில் 31 பெயர்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் வேறு சிலவற்றைக் கேட்கும், அவை இன்னும் சிலவற்றைக் கேட்கும். அவை எல்லாம் நிறுவப்படும் நோட் மாட்யூல்ஸ் அடைவைத் திறந்து எண்ணிப் பாருங்கள். பல நூறு இருக்கும். நீங்கள் எழுதிய சில ஆயிரம் வரிகள் அந்தப் பல நூறின்மேல் நிற்கின்றன. அவற்றில் எது, எந்தப் பதிப்பு, எந்த நாளில் உள்ளே வரலாம் என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்களா, அல்லது அது தானாக நடக்கிறதா? இப்படி உங்கள் நிரல் நம்பி நிற்கும் லைப்ரரிகளைச் சார்புகள் என்பார்கள்; நீங்கள் கேட்காமல் வேறொன்றின் வழியாக உள்ளே வருவது மறைமுகச் சார்பு. சார்பு மேலாண்மை என்று பெரிய பெயரில் பேசப்படுவது முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

உங்கள் கோப்பில் ரியாக்டுக்கு எதிரே பதிப்பு எண் இல்லை, ‘லேட்டஸ்ட்’ என்று இருக்கிறது. கோளாறின் வேர் அங்கேதான். ஆறு மாதத்துக்கு முன் ஓட்டத் தொடங்கியபோது உங்கள் பழைய கணினியிலும் சர்வரிலும் ரியாக்ட் 18 ஏற்கெனவே அமர்ந்திருந்தது, அதனால் யாரும் அதை அசைக்கவில்லை. புதிய கணினியில் எதுவும் இல்லை. என்பிஎம் லைப்ரரிகளை இறக்கும் பொதுக் களஞ்சியத்தில் இன்று ‘லேட்டஸ்ட்’ என்றால் 19. அதன் முதல் நிலையான பதிப்பு 2024 டிசம்பரில் வந்தது. உங்கள் தேதி தேர்வு லைப்ரரியோ ‘என்னோடு ரியாக்ட் 17 அல்லது 18 இருக்க வேண்டும்’ என்று தன் கோப்பில் எழுதிவைத்திருக்கிறது. இப்படிப்பட்ட தேவையை ‘பியர் டிபெண்டன்சி’ என்பார்கள்: ‘எனக்குள் ரியாக்டைக் கொண்டுவர மாட்டேன், நீங்கள் வைத்திருப்பதையே பயன்படுத்துவேன், ஆனால் அது இந்த வரம்புக்குள் இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனை. 2020இல் வந்த என்பிஎம் 7 முதல் இந்த நிபந்தனை மீறப்பட்டால் நிறுவலே நின்றுவிடும். அதற்கு முன் வெறும் எச்சரிக்கைதான் வரும். பலரும் படிக்காமல் கடந்துபோவார்கள்.

ஆகவே அந்தப் பிழை உங்களுக்கு நல்லதே செய்தது. நீங்கள் ‘ஃபோர்ஸ்’ கொடுத்து அதன் வாயை அடைத்தீர்கள். ரியாக்ட் 19இல் ‘ஃபைண்ட் டாம் நோட்’ என்ற பழைய செயற்கூறு நீக்கப்பட்டுவிட்டது. உங்கள் தேதிப் பெட்டி அதைத்தான் அழைக்கிறது என்று நீங்கள் அனுப்பிய பிழைப் பதிவிலேயே தெரிகிறது. நிறுவும்போது தெரிந்திருக்க வேண்டிய கோளாறு, திரை வெறுமையானபோது தெரிந்தது.

மற்ற முப்பது பெயர்களுக்கு எதிரே எண்கள் இருக்கின்றன, முன்னால் கூரை போன்ற ^ குறியோடு. அதற்கு என்ன பொருள் என்று பலரும் யோசிப்பதில்லை. என்பிஎம் தானாகப் போட்டுவைக்கும் குறி அது. பதிப்பு எண்ணுக்கு மூன்று பகுதிகள்: முதலாவது, பழைய பயன்பாட்டை உடைக்கும் மாற்றம் வந்தால் உயரும், இரண்டாவது, புதிய வசதி சேர்ந்தால் உயரும், மூன்றாவது, பிழைத்திருத்தம். கிட்ஹப்பை நிறுவியவர்களில் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் எழுதிய ‘செமான்டிக் வெர்ஷனிங்’ என்ற வரைமுறை இது. ^4.18.2 என்றால் ‘4.18.2 அல்லது அதற்கு மேல், ஆனால் 5 வரக் கூடாது’ என்று பொருள். ~4.18.2 என்றால் 4.18க்குள் மட்டுமே. முதல் எண் 0 ஆக இருந்தால் கூரைக் குறி இன்னும் இறுகும்: ^0.2.3 என்பது 0.3ஐத் தொடாது, ஏனெனில் 1.0 வரும்வரை எதுவும் உடையலாம் என்பதே அந்த வரைமுறையின் புரிதல்.

ஆனால் இது சட்டம் அல்ல, வாக்குறுதி. எங்கோ ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் ‘இது சிறு திருத்தம்தான்’ என்று நினைத்து மூன்றாவது எண்ணை உயர்த்துகிறார். அவர் நினைத்தது சரியாக இருந்தால் யாருக்கும் பாதிப்பில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டண வசூல் செயலியில் நான் வேலை செய்தபோது, சோதனைக் கணினியில் திங்கட்கிழமை நிறுவினோம், சர்வரில் வியாழக்கிழமை நிறுவினோம். இடையில் ஒரு மறைமுகச் சார்பின் மூன்றாவது எண் மாறியிருந்தது. வெற்றுத் தேதியைப் பிழையாகக் கருதி நிறுத்திவந்த அந்த லைப்ரரி, புதிய பதிப்பில் அதை 1970 ஜனவரி 1 என்று எடுத்துக்கொண்டது. கட்டணம் கட்ட வேண்டிய நாள் குறிக்கப்படாதவர்கள் அனைவருக்கும் தாமதக் கட்டணம் ஏறியது. எங்கள் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை என்பதால் முதல் நாள் முழுதும் தரவுத்தளத்தைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள் மாலை இரு இடத்து நோட் மாட்யூல்ஸையும் ஒப்பிட்ட பிறகுதான் விளங்கியது. பூட்டுக் கோப்பை கிட்டில் சேர்த்திருந்தால் அந்த இரண்டு நாளும், அந்த மக்கள் பட்ட அலைச்சலும் இருந்திருக்காது.

பூட்டுக் கோப்பு என்று நான் சொல்வது பேக்கேஜ்-லாக் டாட் ஜேசன். நீங்கள் அதை ‘கிட் இக்னோர்’ பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். இயந்திரம் எழுதும் கோப்பு, ஆயிரக்கணக்கான வரி, எதற்குச் சேமிப்பது என்று தோன்றியிருக்கும். உண்மையில் உங்கள் செயலி இன்னதென்று முழுமையாகச் சொல்லும் கோப்பு அது ஒன்றுதான். ஒவ்வொரு லைப்ரரிக்கும், நேரடியானாலும் மறைமுகமானாலும், சரியான பதிப்பு எண், எங்கிருந்து இறக்கப்பட்டது என்ற முகவரி, உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற ஒரு நீண்ட குறியீடு ஆகிய மூன்றும் அதில் இருக்கும். களஞ்சியத்தில் யாராவது அதே எண்ணின் கீழ் வேறு உள்ளடக்கத்தை வைத்தாலும் கைரேகை பொருந்தாமல் நிறுவல் நிற்கும். ரூபி உலகில் பண்ட்லர் 2010 வாக்கிலேயே இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தது. ஜாவாஸ்கிரிப்டில் 2016 அக்டோபரில் ஃபேஸ்புக் வெளியிட்ட யார்ன் அதை வற்புறுத்தியது. 2017 மே மாதம் என்பிஎம் 5 தானும் எழுதத் தொடங்கியது. பிஎச்பியில் கம்போசர் லாக், ரஸ்டில் கார்கோ லாக் என்று இப்போது எங்கும் உண்டு.

இரண்டு கட்டளைகளுக்கு இடையில் இருக்கும் வேறுபாட்டையும் மனத்தில் வையுங்கள். ‘என்பிஎம் இன்ஸ்டால்’ பூட்டுக் கோப்பு இருந்தால் அதை மதிக்கும். ஆனால் பேக்கேஜ் டாட் ஜேசனோடு முரண்பட்டால் பூட்டுக் கோப்பை மாற்றி எழுதிவிடும். ‘என்பிஎம் சிஐ’ அப்படிச் செய்யாது. பழைய நோட் மாட்யூல்ஸை அழிக்கும், பூட்டில் உள்ளதை அப்படியே நிறுவும், முரண் இருந்தால் பிழை சொல்லி நிற்கும். புதிதாக ஒரு லைப்ரரி சேர்க்கும் அன்று மட்டும் முதலாவது. சர்வரிலும், சோதனை ஓடும் இடத்திலும், நண்பரின் கணினியிலும் எப்போதும் இரண்டாவது. பூட்டுக் கோப்பு மாறினால் அந்த மாற்றத்தை உங்கள் நிரல் மாற்றத்தைப் படிப்பது போலவே படியுங்கள். எல்லா வரியையும் அல்ல. எந்தப் பெயர் புதிதாக வந்திருக்கிறது, எதன் முதல் எண் மாறியிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

இனி அந்த 38 குறைகள். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அந்த எச்சரிக்கையைத் தரும் ‘ஆடிட்’ கட்டளை செய்வது எளிய வேலை: உங்கள் பட்டியலில் உள்ள பதிப்பு எண்களை அறியப்பட்ட ஓட்டைகளின் பட்டியலோடு ஒப்பிடுகிறது. அந்த ஓட்டை உள்ள பகுதியை உங்கள் செயலி தொடுகிறதா என்பது அதற்குத் தெரியாது. உங்கள் திட்டம் ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ கொண்டு தொடங்கப்பட்டது. அதைப் புதிய செயலிகளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று ரியாக்ட் குழுவே 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது. 38இல் பெரும்பங்கு அதன் கட்டுமானக் கருவிகளிலிருந்து வருவதுதான். அவை உங்கள் கணினியில், நீங்கள் எழுதிய கோப்புகளின்மேல் மட்டும் ஓடுபவை. சங்க உறுப்பினர் ஒருவர் அனுப்பும் கோரிக்கை அவற்றை எட்டாது. பின்பக்க அடைவில் நின்றுகொண்டு ‘ஆடிட்’ கட்டளையோடு ‘ஒமிட் டேவ்’ (உருவாக்கும்போது மட்டும் தேவைப்படுபவற்றை விட்டுவிடச் சொல்வது) சேர்த்து ஓட்டிப் பாருங்கள். மிஞ்சுவது சிலதே இருக்கும், அவற்றை ஒவ்வொன்றாக உட்கார்ந்து படிக்க வேண்டும். உள்நுழைவு, கோப்பு ஏற்றம், டோக்கன் (உள்நுழைந்தவரை அடையாளம் காட்டும் சாவி) சரிபார்ப்பு ஆகியவற்றைத் தொடும் லைப்ரரி ஒன்று அதில் இருந்தால் அன்றே திருத்துங்கள்.

‘ஆடிட் ஃபிக்ஸ்’ தனியாகக் கொடுத்தால் வரம்புக்குள் உள்ள பதிப்புகளுக்கு மட்டும் நகர்த்தும், பெரும்பாலும் ஆபத்தில்லை. ‘ஃபோர்ஸ்’ சேர்த்தால் முதல் எண்ணையே மாற்றும். சில நேரம் ஓட்டை இல்லாத பழைய பதிப்புக்குப் பின்னோக்கியும் இழுத்துச் செல்லும். எதை மாற்றியது என்று நீங்கள் அறியாமலே முப்பது மாற்றங்கள் ஒரே நேரத்தில் உள்ளே வரும். எது எதை உடைத்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லாமல் போகும். ஓட்டை ஒரு மறைமுகச் சார்பில் இருந்து, அதைக் கொண்டுவந்தவர் இன்னும் திருத்தவில்லை என்றால், பேக்கேஜ் டாட் ஜேசனில் ‘ஓவர்ரைட்ஸ்’ (overrides) என்ற பகுதியில் அந்த ஒன்றை மட்டும் திருத்தப்பட்ட பதிப்புக்கு உயர்த்தலாம். ஏன் செய்தோம், எப்போது எடுக்கலாம் என்று திட்டக் குறிப்பில் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று ஆண்டு கழித்தும் அது அங்கேயே கிடக்கும்.

எப்போது புதுப்பிப்பது என்பதில்தான் மனம் தடுமாறும், ஏனெனில் இரு பக்கமும் பெரிய விபத்துகள் நடந்திருக்கின்றன. தாமதத்தின் பக்கம் பாருங்கள்: அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனம் ஈக்விஃபாக்ஸ் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா லைப்ரரியின் ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே திருத்தம் வெளிவந்துவிட்டது. ஒரு தளத்தில் அதைப் போடாமல் விட்டார்கள். மே மாதத்தில் உள்ளே நுழைந்தவர்களை ஜூலை இறுதியில்தான் கண்டார்கள், சுமார் 14.7 கோடி மக்களின் விவரங்கள் போயின. 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெளியானபோது, பதிவேட்டில் எழுதப்படும் ஒரு சொற்றொடரை வைத்தே சர்வரைக் கைப்பற்றலாம் என்ற நிலை. அந்த ஒரே மாதத்தில் 2.15, 2.16, 2.17 என்று அடுத்தடுத்துத் திருத்தங்கள் வந்தன. அப்போது பல இடங்களில் முதல் சிக்கல் திருத்தத்தைப் போடுவது அல்ல. அந்த லைப்ரரி தங்களிடம் இருக்கிறதா, எந்த மூலையில் இருக்கிறது என்றே தெரியாமல் தேடியதுதான். பூட்டுக் கோப்பு இருந்தால் அந்தத் தேடல் ஒரு நிமிட வேலை: ‘என்பிஎம் எக்ஸ்ப்ளெயின்’ என்று கொடுத்து லைப்ரரியின் பெயரைச் சொன்னால், யார் அதை உள்ளே அழைத்துவந்தது என்ற சங்கிலியைக் காட்டிவிடும்.

அவசரத்தின் பக்கமும் அதே அளவு கொடியது. 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற, வாரத்துக்குப் பல லட்சம் முறை இறக்கப்படும் லைப்ரரியை அதை எழுதியவர் நேரமின்மையால் உதவ முன்வந்த ஒருவரிடம் ஒப்படைத்தார். வந்தவர் பிட்காயின் பணப்பை ஒன்றைக் குறிவைத்த நஞ்சை (திருட்டு நிரலை) ஒரு மறைமுகச் சார்பாகச் சேர்த்தார். 2025 செப்டம்பர் 8 அன்று சாக், டீபக் உட்பட 18 லைப்ரரிகளில் நச்சுப் பதிப்புகள் ஏறின. பராமரிப்பாளர் ஒருவர், என்பிஎம் அனுப்பியது போலத் தோன்றிய போலி மின்னஞ்சலை நம்பித் தன் கணக்கை இழந்ததே காரணம். சில நாளில் ஷாய்-ஹுலுட் என்று பெயரிடப்பட்ட புழு வந்தது. நிறுவியவரின் கணினியில் இருந்த டோக்கன்களைத் திருடி, அவருடைய மற்ற லைப்ரரிகளிலும் தன்னைத் தானே வெளியிட்டுக்கொண்டது.

என் வழக்கம் இது: பாதுகாப்புத் திருத்தம் என்று அறிவிக்கப்பட்டது, அதுவும் எங்கள் செயலியைத் தொடுவது என்றால் அன்றே. மற்றவை எல்லாம் வெளியாகி ஏழு நாளாவது ஆன பிறகு, மாதம் ஒரு நாள் ஒதுக்கி. சாக் போன்ற நச்சுப் பதிப்புகள் சில மணி நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டுவிட்டன. ஒரு வாரம் பொறுத்தவர்களை அவை தொடவே இல்லை. ஈவென்ட்-ஸ்ட்ரீம் நஞ்சு ஒரு மாதத்துக்கு மேல் மறைந்திருந்தது என்பதால் இது முழுக் காவல் அல்ல, ஆனாலும் இவ்வளவு குறைந்த உழைப்பில் கிடைக்கும் காவல் வேறில்லை. என்பிஎமுக்கு மாற்றான பிஎன்பிஎம் கருவியில் 2025 செப்டம்பரில் வந்த 10.16 பதிப்பு முதல் இந்தக் காத்திருப்பை நிமிடக் கணக்கில் அமைக்கலாம். ஏழு நாளுக்கு 10080. நிறுவும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்ட்களையும் நிறுத்திவையுங்கள். நச்சு எழுதுபவர்கள் விரும்பும் இடம் அது: நீங்கள் லைப்ரரியை இன்னும் அழைக்கவே இல்லை, ஆனால் அது உங்கள் அனுமதிகளோடு ஓடிவிட்டது. பிஎன்பிஎம் 10 இதை இயல்பாகவே நிறுத்திவைத்து, நீங்கள் பெயர் சொன்னவற்றை மட்டும் அனுமதிக்கும். நீங்கள் இருவர்தான் என்பதால் என்பிஎமிலிருந்து பிஎன்பிஎமுக்கு மாறுவது ஒரு மாலை வேலை. செய்வது நல்லது என்பது என் கருத்து.

மாத ஒதுக்கீட்டு நாளில் முதல் எண் மாறும் புதுப்பிப்பு வந்தால், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், அதற்கென ஒரு கமிட் (கிட்டில் செய்யும் தனிப் பதிவு). எக்ஸ்பிரஸ் 4இலிருந்து 5க்குப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். பாதையில் வெறும் நட்சத்திரக் குறி போட்டு ‘மற்ற எல்லாம்’ என்று எழுதியிருப்பது 5இல் ஏற்கப்படாது, அதற்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டும். இது மட்டும் மாறியிருக்கும் கமிட்டில் பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். முப்பது மாற்றத்தோடு கலந்து வந்தால் ஒரு நாள் போய்விடும்.

இவ்வளவு லைப்ரரிகள் தேவையா என்று கேட்டீர்கள். 31 என்ற எண்ணில் எனக்குக் குறையில்லை. சிலவற்றின் இருப்பில்தான் குறை. எண்களை 12,34,567 என்று இலட்சக் கணக்கில் காற்புள்ளி இட ஒரு லைப்ரரி வைத்திருக்கிறீர்கள். பிரவுசரிலேயே இருக்கும் ‘இன்டெல் நம்பர் ஃபார்மட்’ (Intl.NumberFormat) இந்திய வழக்கைச் சொன்னால் அதைச் செய்துவிடும். தேதிக்கு மொமென்ட் இருக்கிறது. புதிய திட்டங்களில் வேண்டாம் என்று அதன் பராமரிப்பாளர்களே 2020இல் எழுதிவிட்டார்கள். ‘ரிக்வெஸ்ட்’ அதே ஆண்டில் கைவிடப்பட்டது. நோட் 18 முதல் ‘ஃபெட்ச்’ உள்ளேயே இருக்கிறது. இந்த மூன்றையும் எடுத்தால் அவை இழுத்துவந்த பல மறைமுகச் சார்புகளும் போய்விடும்.

எதிர்த்திசையில் போய் எல்லாவற்றையும் நாமே எழுதிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2016 மார்ச் 22 அன்று லெஃப்ட்-பேட் என்ற லைப்ரரியை அதை எழுதியவர், ‘கிக்’ என்ற பெயரைச் சார்ந்த தகராறில், தன் மற்ற லைப்ரரிகளோடு சேர்த்துக் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடம் நிரப்பும் 11 வரிதான் அது. புதிய ஜாவாஸ்கிரிப்டைப் பழைய வடிவுக்கு மாற்றும் பேபல் அதை மறைமுகமாகச் சார்ந்திருந்ததால் உலகெங்கும் நிறுவல்கள் நின்றன. சில மணி நேரத்தில் என்பிஎம் அதை மீட்டு வைத்தது. அதன்பின் எல்லோரும் ‘11 வரியை எழுதத் தெரியாதா?’ என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்கு முழுக்கச் சரியாகப் படவில்லை. உங்கள் செயலியிலேயே ஒரு சான்று இருக்கிறது. அச்சிடும் ரசீதில் உறுப்பினர் பெயரை 20 எழுத்தோடு வெட்டும் செயற்கூறை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஜாவாஸ்கிரிப்டின் கணக்கில் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் 5; மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாக எண்ணப்படும். உங்கள் வெட்டு ‘கோ’வின் நடுவில் விழுந்தால் கோமதி என்ற பெயரில் ‘க’ மட்டும் நிற்கும். ஒருவருடைய பெயரை ரசீதில் சிதைத்து அச்சிடுவது சிறிய பிழை அல்ல. பிரவுசரில் இருக்கும் ‘இன்டெல் செக்மென்டர்’ (Intl.Segmenter) பயன்படுத்தினால் ‘தமிழ்’ மூன்றாகச் சரியாகப் பிரியும். ஆனால் க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றை அதுவும் இரண்டாகப் பிரிக்கும், அவற்றை நீங்கள் தனியே கவனித்துச் சேர்க்க வேண்டும். எழுத்து, காலம், நேர மண்டலம், கடவுச்சொல் மறைப்பு, குறியாக்கம் போன்றவற்றில் நமக்குத் தெரியாத ஆழம் உண்டு. அங்கே பலர் பார்த்துச் சோதித்த லைப்ரரியை நம்புவதே முறை. காற்புள்ளி இடுவது, பட்டியலைக் குழுக்களாகப் பிரிப்பது போன்றவற்றுக்கு யாரையும் நம்ப வேண்டியதில்லை.

புதியது ஒன்றைச் சேர்க்குமுன் நான் அதன் பின்னால் வரும் கூட்டத்தைப் பார்ப்பேன், கடைசி வெளியீட்டின் தேதியைப் பார்ப்பேன், உரிமத்தைப் பார்ப்பேன். பிறகு ஒரு கேள்வி: நாளை இதை எடுக்க வேண்டி வந்தால் எத்தனை கோப்புகளைத் தொட வேண்டும்? மொமென்ட் உங்கள் நிரலில் 44 கோப்புகளில் நேரடியாக அழைக்கப்படுகிறது. ‘தேதிகள்’ என்று ஒரு கோப்பு வைத்து, தவணை நாள் கணக்கிடுவது, ரசீதில் தேதி எழுதுவது என்று உங்கள் தேவைக்கான ஐந்தாறு செயற்கூறுகளை அதில் எழுதி, அந்த ஒரு கோப்பு மட்டும் லைப்ரரியை அழைக்கும்படி செய்திருந்தால், இன்று மாற்ற வேண்டியது ஒரே கோப்பு. பெயரை எழுத்துக்கூட்டித் தட்டச்சு செய்யும்போதும் கவனம் வேண்டும். 2017இல் ‘கிராஸ்-என்வ்’ என்பதன் இடைக்கோட்டை விட்டுவிட்டு ஒரு போலி வைக்கப்பட்டிருந்தது, சூழல் மாறிகளில் உள்ள கடவுச்சொற்களைத் திருடுவதற்காக. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத லைப்ரரிப் பெயர்களைச் சொல்வதும், அந்தப் பெயரில் யாராவது நஞ்சு வைப்பதும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. கருவி ஒரு பெயர் சொன்னால், களஞ்சியப் பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகே நிறுவுங்கள்.

உங்கள் முகப்புப் பக்கத்தில் வெளி முகவரியிலிருந்து நேரடியாக ஏற்றப்படும் இரண்டு ஸ்கிரிப்ட்களும் சார்புகள்தான், எந்தப் பூட்டுக்கும் உட்படாதவை. பாலிஃபில் டாட் ஐஓ என்ற முகவரி 2024இல் கைமாறி, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் நஞ்சைப் பரப்பியது. பக்கத்தை எழுதியவர்கள் எதையும் மாற்றவில்லை. அந்த இரண்டையும் உங்கள் சர்வருக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

நோட் பதிப்பும் ஒரு சார்பே என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. கடவுச்சொல்லை மறைத்துவைக்கும் ‘பிகிரிப்ட்’ போன்ற சில லைப்ரரிகளுக்குள் சி++ பகுதி இருக்கிறது. நோட் மாறினால் அது மீண்டும் இறக்கப்படவோ கட்டப்படவோ வேண்டியிருக்கலாம். சர்வரில் எந்த நோட் இருக்கிறதோ அதையே ‘என்விஎம்ஆர்சி’ கோப்பில் எழுதி இருவரும் பின்பற்றுங்கள்.

உங்கள் நண்பர் அறிக்கை தயாரிக்கப் பைத்தானில் எழுதியிருக்கும் பகுதிக்கும் இதெல்லாம் பொருந்தும், ஒரு வேறுபாட்டோடு. நோடில் ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் அருகருகே இருக்கலாம். பைத்தானில் ஒரு சூழலுக்கு ஒன்றுதான். அதனால் திட்டத்துக்கு ஒரு ‘வென்வ்’ (தனிச் சூழல்) கட்டாயம். ‘பிப் ஃப்ரீஸ்’ தரும் பட்டியலில் நீங்கள் கேட்டதும் தானாக வந்ததும் கலந்திருக்கும், ஓராண்டு கழித்து எது எதற்கென்று தெரியாது. கேட்டவற்றை மட்டும் தனியே எழுதி, பூட்டுக் கோப்பை ‘யூவி’ கருவியிடம் விட்டுவிடலாம்.

இப்போது மீட்பு. சர்வரில் ஓடும் நோட் மாட்யூல்ஸ் உங்களிடம் உள்ள ஒரே உண்மைப் பதிவு. முதலில் அந்தத் திட்ட அடைவு முழுவதையும் நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். அங்கே ‘என்பிஎம் எல்எஸ்’ கொடுத்தால் நேரடிச் சார்புகளின் சரியான பதிப்பு எண்கள் வரும். புதிய கணினியில் ‘லேட்டஸ்ட்’ என்பதை எடுத்துவிட்டு அந்த எண்களைக் கூரைக் குறி இல்லாமல் எழுதுங்கள். மறைமுகச் சார்புகளுக்கு, ‘இன்ஸ்டால்’ கட்டளையோடு ‘பிஃபோர்’ என்று சேர்த்து, சர்வரில் கடைசியாக நிறுவிய தேதியைக் கொடுங்கள். அந்த நாளில் களஞ்சியத்தில் இருந்த பதிப்புகளுக்குள் மட்டும் என்பிஎம் தேர்ந்தெடுக்கும். பிழையின்றி முடிந்தால் ‘எல்எஸ் ஆல்’ பட்டியலை இரு பக்கமும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு வேறுபட்டால் அவற்றை ‘ஓவர்ரைட்ஸ்’ மூலம் சரிசெய்யலாம். சர்வர் அடைவின் நோட் மாட்யூல்ஸுக்குள் புள்ளியில் தொடங்கும் ஒரு மறைவான பேக்கேஜ்-லாக் கோப்பும் இருக்கும், என்பிஎம் 7க்குப் பின் நிறுவியிருந்தால். ஒப்பிட அதுவும் உதவும்.

தேதிப் பெட்டி திறந்து, ஒரு தவணையைப் பதிவு செய்து, ரசீது அச்சிட்டுப் பார்த்த பிறகு, பேக்கேஜ்-லாக் பெயரை ‘கிட் இக்னோர்’ பட்டியலிலிருந்து நீக்கி, பூட்டுக் கோப்பைக் கமிட் செய்யுங்கள். ரியாக்ட் 19, கிரியேட் ரியாக்ட் ஆப்புக்கு மாற்றான வீட், மொமென்ட் நீக்கம் எதையும் அந்தக் கமிட்டோடு கலக்காதீர்கள். அது முடிந்ததும் ‘ஒமிட் டேவ்’ போட்டு ஓட்டிய ஆடிட் அறிக்கையில் மிஞ்சிய பெயர்களை எழுதி அனுப்புங்கள்; எதை முதலில் திருத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.